பன்னிரண்டு மாம்பழம் தூக்கும் பையன்கள்

இன்று உங்களுக்கு ஒரு புதிர்.

போன கோடை விடுமுறையில் புனேவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் எட்டாம் வகுப்பு. அவளும் பக்கத்து வீட்டுப் பையனும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டரையே பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்! புத்வார் பேட்டில் தாப்கீர் கல்லி என்றொரு சந்து உண்டு. பல்பு, ஒயர், சுவிட்சு என்று எங்கு பார்த்தாலும் மின்சாமான் கடைகள். ஒரு திருப்புளி வாங்க அங்கே போனவர்கள் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். நானாக இருந்தால் இருட்டிய பிறகுதான் வந்திருப்பேன்.

எல்லாம் பூட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டார்கள். விசிறி சுழன்றது. சின்ன விளக்கு எரிந்தது. திரை மட்டும் கும்மிருட்டு.

"மாமா, கரண்ட்தான் வருதே! அப்புறம் ஏன் படம் வரலை?"

பலே! என்ன அருமையான கேள்வி! விடை தேட, மாம்பழச் சந்தைக்குப் போவோமா?

அதற்கு முன் கம்ப்யூட்டரின் கேபினட்டுக்குள் ஒரு பார்வை. அங்கே ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. கடைக்காரர்கள் அதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். பெட்டி அதை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது.

புனேவின் மார்க்கெட் யார்டில் ரத்னாகிரி மாம்பழம் வந்து குவியும். அங்கே மூட்டை தூக்குபவரை ஹமால் என்பார்கள். பலசாலி ஹமால் ஒருவர் ஒரே நடையில் 230 பழம் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் 230 வோல்ட். 12 வோல்ட் யார்? ஆளுக்கு 12 பழம் மட்டும் தூக்கும் சின்னப் பையன்.

அதே 230 பழம் போய்ச் சேர எத்தனை பையன்கள் வேண்டும்? வகுத்துப் பாருங்கள். 19 பேர் தூக்கினால் 228. மிச்சம் 2 பழத்தை நாம் சாப்பிட்டுவிடலாம்!

இப்போது அத்தனை பையன்களும் ஒரே குறுகிய சந்தில் ஓடினால் என்ன ஆகும்? இடித்துக்கொள்வார்கள், வியர்த்துக்கொட்டும். ஒயரும் அப்படித்தான் சூடாகும். ஆகவே பல சந்துகள் வேண்டும். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸருக்கு 120 வாட் வேண்டுமென்றால், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடவேண்டும். அதனால்தான் அதற்கென்றே 8 பின் உள்ள தனிக் கேபிள். நாலு ஒயரில் பையன்கள் கூடையோடு போகிறார்கள். நாலில் வெறுங்கூடையோடு திரும்புகிறார்கள். புரிகிறதா? புரியாவிட்டால் இன்னொரு முறை படியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

பலர் சேர்ந்து சுமப்பது புனேவுக்குப் புதிதல்ல. 1988-இல் இங்கே தொடங்கிய சி-டாக் நிறுவனத்தில், விஜய் பட்கர் தலைமையில், 1991-இல் 'பரம் 8000' என்ற சூப்பர் கம்ப்யூட்டரைச் செய்தார்கள். ஒரே பெரிய மூளை அல்ல. பல சின்னச் சில்லுகள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன.

சரி, நம் புதிர்? அக்கா மகள் டார்ச்சை எடுத்தாள். பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டில் 24 பின் உள்ள தடித்த கேபிள் சரியாக இருந்தது. மேல் மூலையில், விசிறி நிழலில், 8 துளைகள் காலியாக விழித்துக்கொண்டிருந்தன. மூளைக்குப் பழமே போகவில்லை!

உடனே கையை விடவில்லை, கெட்டிக்காரி. முதலில் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கினாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரும்புப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்னொரு சிக்கல். கிராபிக்ஸ் கார்டுக்கும் 8 பின் கேபிள் உண்டு. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 12 வோல்ட் இருக்கும் வரிசை இரண்டிலும் நேர் எதிர்! மாறிப் போகாமலிருக்க, சில துளைகளைச் சதுரமாகவும் சிலவற்றை மூலை வெட்டியும் செய்திருக்கிறார்கள். ப்ராசஸர் கேபிள் நாலும் நாலுமாகப் பிரியும். கிராபிக்ஸ் கேபிள் ஆறும் இரண்டுமாக. ஹார்டு டிஸ்க் கேபிளின் வாய் நம் 'ட' எழுத்து மாதிரியே இருக்கும். நுழையாவிட்டால் அழுத்தாதீர்கள், திருப்பிப் பாருங்கள். நுழைந்தால் 'டிக்' என்று கிளிப் மாட்டும்வரை அழுத்துங்கள்.

1995-இல் ஏ.டி.எக்ஸ். முறை வருமுன் இந்தப் பாதுகாப்பு இவ்வளவு இல்லை. போர்டுக்கு இரண்டு பிளக்குகள். கறுப்பு ஒயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வரவேண்டும். நான் ஒருமுறை மாற்றிச் செருகி ஒரு போர்டையே கருக்கியிருக்கிறேன். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

'டிக்'. மறுபடி சுவிட்சு. மூளை உடனே வேலையைத் தொடங்கிவிடாது. எஸ்.எம்.பி.எஸ்., வோல்ட்டுகள் எல்லாம் நிலையாக நிற்கும்வரை அரை விநாடிக்கும் குறைவாகக் காத்திருந்து, 'தயார்' என்று மதர்போர்டுக்குச் சொல்லும். பிள்ளைகள் வரிசையில் நின்றதும் அடிக்கும் பள்ளி மணி! மணி அடித்தது. திரை ஒளிர்ந்தது.

அப்போது பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்தான், கையில் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரின் கேபிள். "இது இன்னும் நீளம் அங்கிள். அழகா நுழையுது பாருங்க!"

பதறிப்போனேன். சில பெட்டிகளில் கேபிளின் இரு முனையையும் கழற்றலாம். பெட்டிப் பக்கத்து முனையில் எந்தத் துளைக்கு எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறலாம். வாய் பொருந்தும், உள்ளே வரிசை வேறு. 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 போனால், பாவம் ஹார்டு டிஸ்க்.

பையன் கேபிளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு ஒரு ரப்பர் பேண்டு கேட்டு வாங்கி, பழைய பெட்டியோடு அதைச் சேர்த்துக் கட்டிவைக்கத் தன் வீட்டுக்கு ஓடினான்.