பெருந்தலைவரைப் போற்றும் வழி

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 15ஆம் நாள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள் கொண்டாடப்படுகிறது. அது பெருந்தலைவர் காமராசர் பிறந்த நாள். அன்று அவருடைய படத்திற்கு மாலை அணிவிப்பர். பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடத்துவர். ஆனால், அணிவித்த மாலை மறுநாளே வாடிவிடும். அவரை ஆண்டு முழுவதும் போற்றுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு அவருடைய பணியே விடை கூறுகிறது.

காமராசர் 1903ஆம் ஆண்டு விருதுநகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட நேர்ந்தது. பின்னர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுப் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1954 முதல் 1963 வரை, அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டின் முதலமைச்சராக விளங்கினார். தமக்குக் கிட்டாத கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டும் என்று விரும்பினார். சிற்றூர்களில் புதிய பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆயினும், ஏழைப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வரவில்லை. வீட்டு வறுமை அவர்களை வேலைக்கு அனுப்பியது. பசியோடு வந்தவர்க்கும் பாடத்தில் மனம் செல்லவில்லை. ஆகவே, 1956ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது.

இத்திட்டம் அரசுப் பணத்தால் மட்டும் நடைபெறவில்லை. தொடக்கத்தில் ஊர் மக்கள் மனமுவந்து அளித்த நன்கொடையே இதற்கு அடிப்படையாக இருந்தது. பின்னர் அரசு செலவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டபோதும், எஞ்சியதை ஊராரே ஏற்றனர். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு இம்முயற்சிக்குத் துணைநின்றார். முதலில் ஒவ்வொரு பள்ளியின் தேவைகளும் பட்டியலிடப்பட்டன. கட்டடம், நாற்காலி, கரும்பலகை, சீருடை என அவற்றை ஊர் மக்கள் தங்கள் ஆற்றலுக்கு ஏற்ப வழங்கினர். பெருஞ்செல்வர் மட்டுமல்லர், எளியோரும் இதில் பங்கு கொண்டனர். பள்ளி அரசுக்கு உரியது என்னும் எண்ணம் மாறி, அது நம்முடையது என்னும் எண்ணம் மக்களிடம் வளர்ந்தது.

சீருடையில் மற்றொரு பாடமும் உண்டு. எல்லாரும் ஒரே உடை அணிந்தால், வகுப்பில் ஏழை யார், செல்வர் யார் என்னும் வேறுபாடு தோன்றாது. பெறுபவர் நாணி நிற்குமாறு கொடுப்பது உதவி ஆகாது. கொடுப்பவர் தம் பெயரை விளம்பரப்படுத்தாமல் செய்வதே சிறந்த தொண்டு.

தமிழ்நாட்டைவிட்டுத் தொலைவில் வாழும் நாம் இவ்வழியைப் பின்பற்ற இயலுமா? இயலும். இன்று இந்தியா முழுவதும் அரசுப் பள்ளிகளில் மதிய உணவு வழங்கப்படுகிறது. அதற்கு முன்னோடியாக அமைந்த திட்டங்களுள் காமராசர் தொடங்கியதும் ஒன்று. எனவே, அவர் பணியைத் தொடர்வதற்கு ஊரும் மொழியும் தடையல்ல.

வேறு மாநிலத்திலிருந்து நம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவர், இவ்வூர் மொழி புரியாமல் திகைக்கலாம். நம் பெற்றோரும் ஒருநாள் அவ்வாறு நின்றவர்களே. அம்மாணவருக்குப் பாடத்தை விளக்கலாம். உணவு வேளையில் அருகில் அமரச் செய்யலாம். படித்து முடித்த நூல்களைக் கிழியாமல் காத்து, அடுத்த ஆண்டு பயில்வோருக்கு அளிக்கலாம். பெற்றோர், ஆசிரியர் துணையுடன், கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் எழுத்தும் எண்ணும் கற்பிக்கலாம். இவை சிறிய பணிகளே. ஆனால், ஒருநாள் செய்து மறந்துவிடாமல் தொடர்ந்து செய்தால், ஒரு பிள்ளையின் படிப்பு இடையில் நின்றுபோகாமல் காக்கும்.

செயல்பாடு: உங்கள் பள்ளியின் தேவைகள் ஐந்தனைக் குழுவாகக் கலந்து பேசிப் பட்டியலிடுக. அவற்றுள் பணம் இல்லாமலே நிறைவேற்றக்கூடியவை எவை? ஒவ்வொன்றையும் யார், எந்த நாளில் செய்வது என முடிவு செய்து எழுதுக. ஒரு மாதம் கழித்துப் பட்டியலை மீண்டும் பார்த்து, நிறைவேறியவற்றைக் குறித்திடுக.