பூவைப் பார்த்தே பூவை வரைவோம்

சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் நம் முன்னோர் இளவேனில் என்றனர். பனி நீங்கி, வெறுங்கிளையில் துளிர் காணும் மேனாட்டு வசந்தம் இலங்கைக்கு இல்லை. எனினும் இக்காலத்தில் கொலன்னாவையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கண்ணுக்கு விருந்து குறைவதில்லை. முள்முருக்கு இலைகளை உதிர்த்துவிட்டுச் செந்நிறப் பூக்களைச் சுமந்து நிற்கும். சிங்கள மக்கள் அதனை எரபது என்பர். அப்பூவும் குயிலின் குரலும் புத்தாண்டின் வரவைச் சொல்லும் என்பது அவர்தம் மரபு. நம் கல்யாண வீடுகளிற் கன்னிக்காலாக ஊன்றப்படுவதும் அம்மரத்தின் கிளையே. அதனைத் தொடர்ந்து கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடும்.

இவற்றை ஆண்டுதோறும் காண்கிறோம். ஆனால், கொன்றைப் பூவுக்கு இதழ் எத்தனை என்று யாரேனும் வினவினால் நம்மிற் பலர் விழிப்போம். மாணவரை நோக்கி, "ஒரு பூ வரைக" என்றாலோ, நடுவே ஒரு வட்டம், சுற்றிலும் சில இதழ், கீழே இரண்டு இலை என்று எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரைந்து தருவர். அப்படியொரு பூ எந்தச் செடியிலும் பூப்பதில்லை! கைத்தொலைபேசியில் உள்ள படத்தைப் பார்த்து வரைவோரும் உளர். அதனாற் கை பழகும், கண் பழகாது. பூவை நேரிற் பார்த்துச் சித்திரக் கொப்பியில் வரையும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டவேண்டும் என்பதே நாம் இங்கு சொல்ல விழைவது.

நேரிற் பாராமையால் விளையும் மயக்கத்துக்கு நம் நாட்டிலேயே தக்க உதாரணம் உண்டு. சிங்களத்தில் நில் மானெல் எனப்படும் நீலோற்பலம் 1986ஆம் ஆண்டு இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அது வெளிர்நீல இதழ்களை உடையது. ஆனால் குளங்களிலும் பூக்கடைகளிலும் மலிந்து கிடந்த ஆழ்ந்த ஊதா நிறப் பூவையே மக்கள் நீலோற்பலம் என எண்ணினர். படங்களிலும் அதனையே தீட்டினர். அவ்வூதாப்பூ, பிறநாட்டு அல்லிகளின் கலப்பால் தோன்றியது என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஒருவர் வரைந்த படத்தைப் பார்த்து மற்றொருவர் வரைந்தால் பிழையும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவிடும். பூவிடம் சென்று கேட்டால் அது பொய் சொல்லாது.

இவ்வாறு பூவிடமே சென்று கேட்டவர்கள் நம் தீவில் வாழ்ந்திருக்கின்றனர். பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரால் அமைக்கப்பட்டது. 1823இல் அங்கே சித்திரக்காரராக நியமனம் பெற்றவர் ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன என்ற இலங்கையர். 38 ஆண்டுகள் அவர் அப்பணியில் இருந்தார். அவருக்குப் பின் அவர் மைந்தரும் தூரிகை ஏந்தினர். ஹென்றி டிரைமன் தொடங்கி, அவர் மறைந்தபின் ஜோசப் ஹூக்கர் நிறைவுசெய்த இலங்கைத் தாவர நூல், 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. அதனுடன் சேர்ந்த 100 வண்ணப் படங்களுக்கு அக்குடும்பத்தாரின் சித்திரங்களே ஆதாரமாயின.

செடியைக் காகிதத்தில் அழுத்தி உலர்த்தி வைக்கும் வழக்கம் இருக்கையில் சித்திரக்காரர் எதற்கு என்று சிலர் வினவலாம். உலர்ந்த செடியில் நரம்பும் வடிவும் எஞ்சும், நிறம் போய்விடும். இதழ் வளைந்த விதமும் பூ தலைகவிழ்ந்த பாங்கும் மறைந்துவிடும். அவற்றைப் பூ வாடுமுன் பிடித்து வைக்க வல்லது தூரிகை ஒன்றே. அக்காலத்தில் வண்ணப் புகைப்படம் இல்லை. இன்று இருந்தும், தாவரவியலார் சித்திரத்தைக் கைவிட்டாரில்லை. மொட்டையும் மலரையும் காயையும் பிளந்த விதையையும் ஒரே பக்கத்தில் தெளிவாகக் காட்டச் சித்திரமே ஏற்றது.

கடலுக்கு அப்பால், சென்னை மாகாணத்திலும் இத்தகையோர் இருந்தனர். ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர் இருவர், றொபர்ட் வைட் என்ற தாவரவியலாருக்காகப் பெருந்தொகையான செடிகளை வரைந்தனர். கோவிந்துவைப் பெருமைப்படுத்த எண்ணிய வைட், ஓர் ஓர்க்கிட் இனத்துக்கு அவர் பெயரையே சூட்டினார். பிற்காலத்தார் அச்செடியை வேறோர் இனத்திற் சேர்த்துவிட்டமையால் அப்பெயர் இப்போது வழங்குவதில்லை. பெயர் மாறிற்று, அவர் வரைந்த கோடு மாறவில்லை.

இனி, தொடங்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். தடித்த தாளுடைய கொப்பி ஒன்று, பென்சில், சிறிய நீர்வண்ணப் பெட்டி, கூர்நுனித் தூரிகை இரண்டு ஆகியவை போதும். காலை வேளையே உகந்தது. நீலோற்பலம் பகலில் விரிந்து பின்னேரம் கூம்பிவிடும். முதலிற் சில நிமிடம் வரையாது பார்த்திருங்கள். இதழ்களையும் கேசரங்களையும் எண்ணுங்கள். கொன்றைப் பூவுக்கு இதழ் ஐந்து, கேசரம் பத்து. அப்பத்தில் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருக்கும். எண்ணியவன் கை பிறகு தவறாது.

பூவை அதன் இயல்பான அளவிலேயே வரைவது நன்று. நிறம் விரைந்து மாறுமாதலால், வண்ணத்தைக் கலந்து தாளின் ஓரத்தில் ஒரு பொட்டு இட்டு வையுங்கள். மஞ்சட் பூவின் நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் அது அழுக்காகும். சிறிது ஊதாவோ கபிலமோ கலந்தாற் பூ உயிர்பெறும். வெண்பூவுக்கு வெண்மை தீட்டவேண்டாம். தாளின் வெண்மையை விட்டுவைத்துப் பின்னிற்கும் இலைகளுக்குப் பச்சை பூசினாற் பூ தானே முன்வந்து நிற்கும். பக்கத்தின் அடியில் ஊரும் திகதியும் பூவின் பெயரும் எழுதுதல் வேண்டும். பறித்துத்தான் வரையவேண்டும் என்பதும் இல்லை. சுவாமிக்கு வைக்கும் பூவை முகரலாகாது என்று வீட்டிற் பெரியோர் சொல்வர். செடியிற் பார்ப்பதற்கு யாரும் தடை சொல்லார்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. கொலன்னாவையைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் ஆம்பலுக்கும் நாரைக்கும் இருப்பிடமானவை. மழைவெள்ளத்தைத் தாங்கி நகரைக் காப்பவை. இத்தகைய நிலங்களின் பொருட்டே 2018இல் கொழும்பு, ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரம் என்னும் அங்கீகாரம் பெற்றது. ஆயினும், இதே வட்டாரத்தில் தாழ்நிலத்திற் குவிக்கப்பட்ட மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு, 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று சரிந்து வீழ்ந்தது. 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பயனற்ற நிலம் என்று நாம் முகந்திருப்பிய இடத்திலேதான் குப்பை சேர்கிறது. அந்நிலத்திற் பூப்பவற்றை ஒவ்வொன்றாக அறிந்து வரைந்த பிள்ளை, அதனைப் பயனற்றது என்று ஒருநாளும் சொல்லாது.

குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார் கபிலர். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது தமிழ். உற்றுப் பார்த்தவர்க்கன்றோ இத்தனை சொற்கள் வேண்டியிருந்தன! 99 பூக்களை நம் பிள்ளைகள் இன்றே அறியவேண்டும் என்பதில்லை. கிழமைக்கு ஒரு பூவாக வரைந்தால் இரண்டே ஆண்டுகளில் அத்தொகையைக் கடந்துவிடுவர். முதற் பூவை இந்த ஞாயிற்றுக்கிழமையே, வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம்.