உங்களுக்குத் தெரியுமா? ஸ்டட்டுக்குப் பின்னால் தண்ணீர்!

● 1960-ல் சென்னையில் டஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியது. அதே காலத்தில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சாவூரும் தேர்வானது. டெல்டா வயல்களில் டஃபே தயாரித்த மாசி ஃபெர்குசன் டிராக்டர்கள் பரவின.

● சேற்று உழவில் டிராக்டரின் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) வாரியிறைக்கும் தண்ணீர், கொதிக்கும் புகைப்போக்கி மேனிஃபோல்டில் படும். சூடும் ஈரமும் மாறி மாறித் தாக்க, மேனிஃபோல்டை இன்ஜினோடு பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் (தலையில்லாத மரைத் தண்டுகள்) துருவேறி இறுகிவிடும். வலுக்கட்டாயமாகத் திருகினால் முறியும்.

● முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகிக் கழற்றலாம். வெல்டிங் சூடே துருப்பிடிப்பைத் தளர்த்திவிடும். ஆனால் அதை ஆறவைக்கத் தண்ணீர் ஊற்றாதீர்கள்; சூடான வார்ப்பிரும்பில் விரிசல் விழலாம்.

● சில இன்ஜின்களில் ஸ்டட் துளை, கூலன்ட் ஓடும் வாட்டர் ஜாக்கெட் வரை செல்லும். அங்கே மரையில் சீலன்ட் பூசாவிட்டால் கூலன்ட் கசியும். அடி மூடிய துளையில் சீலன்ட் தேவையில்லை. மரையைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசினால் போதும்.

● புதிய ஸ்டட்டில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, மேல் நட்டைத் திருகி உள்ளே ஏற்றலாம். மேனிஃபோல்டில் பித்தளை நட்டு போட்டால் துருப்பிடித்து இறுகாது.

● புது கேஸ்கட் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சீராக முடுக்குங்கள்.

டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்பே, கோடையில் இந்த வேலையை முடித்துவிடுங்கள்!