மூடிய துருப்பின் பலம்

1993இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்', மந்திரவாதிகள் மோதிக்கொள்ளும் ஒரு கற்பனை உலகின் கடதாசி விளையாட்டு. இதில் ஒவ்வொருவரும் தாமே தெரிந்தெடுத்துச் சேர்த்த கட்டோடு களமிறங்குவார். பெரும்பாலும் நால்வர் கூடி ஆடும் 'கொமாண்டர்' முறையில் கட்டுக்கு 100 அட்டைகள். மந்திரசக்தி தரும் அடிப்படை நில அட்டைகளைத் தவிர எந்த அட்டையும் இரண்டு முறை வரக்கூடாது. ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளி. வலிமையான அட்டைகளைத் திணித்துவிட்டால் வெற்றி உறுதி என்று புதியவர்கள் நம்புவார்கள். நால்வர் ஆட்டத்திலோ பலத்தை எப்போது வெளிக்காட்டுவது என்பதே முக்கியம். இது பதுளைக்கும் ஊவாத் தோட்டங்களுக்கும் புதிய பாடமில்லை. இலங்கையெங்கும் ஆடப்படும் ஓமி, 304 ஆகிய கடதாசி விளையாட்டுகளும் இதையே கற்பிக்கின்றன.

304இல் ஓர் இனத்தின் புள்ளிகள் 76. அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த இரண்டிலேயே அடங்கிவிடும். ஆனாலும் நான்கு கடதாசியை மட்டும் பார்த்துவிட்டு 160இலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும். அதாவது மொத்தப் புள்ளியில் பாதிக்கு மேல் எடுப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டும். கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பதால், அது எந்த இனம் என்று மற்றவர்கள் ஊகித்தபடியே ஆடுவார்கள். இரு அணிகளாக ஆடும் ஓமியில் துருப்புச் சொல்லும் நம் முதல் நான்கில் இரண்டு துருப்பு இருந்தால், மிச்சம் ஆறு துருப்பும் காணாத 28 கடதாசிகளில் பரவிக் கிடக்கும். சராசரியாக நம் அணிக்கு ஏறத்தாழ நான்கரை, எதிரணிக்கு மூன்றரை வரும். அனுகூலம் இவ்வளவு சிறியது. துருப்புச் சொல்லித் தோற்றாலோ எதிரணிக்கு இரட்டைப் புள்ளி. கையிலுள்ள பலத்தை விட அதை நிதானமாக எடைபோடும் திறனே இங்கே பெரிது.

கொமாண்டரில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. என் ஓர் அட்டையைச் செலவிட்டு ஒருவரின் ஓர் அட்டையை அழித்தால் இருவருக்கும் நட்டம். ஒதுங்கியிருந்த மற்ற இருவருக்கே லாபம். ஆகவே எதிராளிகள் மூவரையும் ஒருசேரப் பாதிக்கும் அட்டைகளுக்கு மதிப்பு அதிகம். முதலிலேயே பலசாலியாகத் தெரிபவர் மீது மூவரும் சேர்ந்து பாய்வார்கள்.

ஓமியில் நிலையான கூட்டாளி உண்டு, கொமாண்டரில் இல்லையே என்று கேட்கலாம். கூட்டு நிமிடத்துக்கு நிமிடம் மாறும் இடத்தில்தான் பலத்தை மறைத்து வைக்கும் தேவை இன்னும் கூடுகிறது. எல்லாம் அதிர்ஷ்டம் என்பதும் அரைகுறை உண்மையே. தனியே வைக்கப்படும் கொமாண்டர் அட்டை போக எஞ்சும் 99 அட்டைகளில் 37 நிலங்களை வைத்தால் முதலில் எடுக்கும் ஏழில் சராசரியாக 2.6 நிலம் வரும். அந்த எண்ணை ஆட்டத்துக்கு முன்பே தீர்மானிப்பவர் கட்டைச் சேர்ப்பவரே.

விலை பற்றிய ஆட்சேபம் மட்டும் நியாயமானது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்தது. சில டொலர் விலையுள்ள ஒரே மேஜிக் பாக்கெட் அன்று அதில் பெரும்பங்கை விழுங்கியிருக்கும். ஆனால் சிந்தனைக்கு அந்த விலை இல்லை. ஒரு சாதாரணக் கட்டிலிருந்து எடுத்த 32 கடதாசி போதும். பணம் வைக்காமல், நிகழ்தகவையும் கூட்டாளியின் மனத்தையும் கணிக்கும் பயிற்சியாகத் தோட்டப் பாடசாலைகளின் கணித மன்றங்கள் 304ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் தேர்ந்த பிள்ளை நாளை எந்த நாட்டுக் கட்டைக் கையில் எடுத்தாலும் சரியாகக் கணக்கிடும்.