ஒழுகும் நினைவகம்

உங்கள் மடிக்கணினியில் 8 ஜிபி ராம் இருந்தால், அதற்குள் ஏறத்தாழ 6,870 கோடி மின்தேக்கிகள் இருக்கின்றன. அத்தனையும் ஒழுகுகின்றன. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. அந்த மின்னூட்டமோ ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போலக் கசிந்துகொண்டே இருக்கிறது. அது வடிவதற்குள் மின்தேக்கிகளின் ஒவ்வொரு வரிசையையும் படித்து, படித்ததைத் திரும்ப எழுதியாக வேண்டும். பொதுவாக 64 மில்லி நொடிக்குள் முழுச் சுற்றும் முடிய வேண்டும். அதாவது, நீங்கள் திரையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதும் நொடிக்குப் பதினைந்து, பதினாறு முறை ராம் முழுவதும் மறுபடி எழுதப்படுகிறது. இன்னொரு கூத்து: படித்தாலே மின்னூட்டம் கலைந்துவிடும். எனவே ஒவ்வொரு வாசிப்புக்கும் பின்னால் ஒரு மறு எழுத்து உண்டு.

இப்படியொரு ஓட்டைச் சரக்கை யார் வேண்டுமென்றே செய்வார்கள்? ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டெனார்ட் செய்தார். ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1-ஐ, பிடித்துவைக்க அப்போது ஆறு டிரான்சிஸ்டர்கள் வரை தேவைப்பட்டன. ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியுமே போதும் என்று 1966இல் அவர் கண்டார். 1968இல் காப்புரிமை கிடைத்தது. இடமும் விலையும் குறைந்ததால், கசிவை உலகம் பொறுத்துக்கொண்டது. மங்குவதற்குள் மறுபடி எழுதும் உத்தி அதற்கும் முந்தையது. 1948இல் மான்செஸ்டரில் ஓடிய ‘பேபி’ கணினி, தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்ததைப் போன்ற ஒரு குழாயின் திரையில் 1,024 பிட்டுகளை மின்னூட்டப் புள்ளிகளாக வைத்து, இதே வேலையைத்தான் செய்தது.

கரண்ட் போனால் ராம் அந்தக் கணமே காலியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆகாது. 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூசு தட்டும் ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ராம் சிப்பின் மேல் அடித்தார்கள். சிப் மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்ந்தது. கசிவு மந்தமாகி, மின்சாரம் இல்லாமலேயே நிமிடக்கணக்கில் தரவு தங்கியது. கணினி வட்டில் உள்ள தரவைப் பூட்டிவைத்த ரகசியச் சாவிகளை அதிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள்.

பென் டிரைவ், எஸ்எஸ்டி கதை வேறு. ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் அது. இதில் எலக்ட்ரான்களைச் சுற்றிலும் மின்கடத்தாப் படலம் போட்டு அடைத்துவிடுகிறார்கள். உயர் மின்னழுத்தம் கொடுத்தால்தான் அவை உள்ளே போகும், வெளியே வரும். ஆகவே வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் படலம் கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்த படலம் ஒழுகும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக ஒழுகும்.

எழுத்து ஆயுள் முழுவதும் தீர்ந்துபோன ஓர் எஸ்எஸ்டி, மின்இணைப்பு இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே வீட்டுக் கணினிகளுக்கான தொழில் தரநிலை. கல்யாணப் படங்களைப் பழைய எஸ்எஸ்டியில் ஏற்றி பீரோவில் வைத்திருப்பவர்கள் அதை அவ்வப்போது கணினியில் செருகிப் பார்ப்பதும், இன்னொரு பிரதி எடுத்து வைப்பதும் நல்லது. சித்திரை மாதத்தில் நம்மூர் பீரோ 30 டிகிரியில் நிற்பதில்லை.