வட்டில் இடமிருந்தும், நினைவகம் போதவில்லை என்று கணினி முறையிடுவது ஏன்?

நூற்றுக்கணக்கான ஜிகாபைட் காலியாகக் கிடக்கையில் கணினி இவ்வாறு எச்சரிப்பதைக் கண்டு நீங்கள் வியந்ததுண்டா?

சமையல் மேடையையும் பரணையும் மனத்திற் கொள்ளுங்கள். நறுக்குவதும் கலப்பதும் மேடைமீதே நிகழ்வதுபோல, இயங்கும் நிரல்கள் ‘ராம்’ எனும் தற்காலிக நினைவகத்திலேயே வியாபித்து நிற்கின்றன. பரணாகிய வட்டு எத்துணை விசாலமாயினும், அங்கே எவரும் சமைப்பதில்லை.

மேடை நிரம்பியதும், உடனடிப் பிரயோஜனமில்லாத பாத்திரங்களைப் பரணில் ஒதுக்கிய மூலைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கிக்கொள்ளும் சாமர்த்தியத்தை, 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி முதன்முதலில் காட்டிற்று. இன்றைய கணினிகளும் மேற்கொள்ளும் இந்த ஏற்றியிறக்கும் சிரமத்தினால்தான், எச்சரிக்கைக்கு முன்பே கணினி மந்தகதி அடைகிறது. அம்மூலையும் நிரம்பினால்? விண்டோஸ் அபயக்குரல் எழுப்புகிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பத்தியைச் சொடுக்குங்கள். மேடையை ஆக்கிரமித்தவர் வரிசையின் உச்சியில் நிற்பார். பெரும்பாலும், எண்ணற்ற தாவல்கள் திறந்த உலாவியே அவர். சில நிரல்கள், பெற்ற இடத்தைத் திருப்பித் தராமலே வளரும் துர்க்குணம் உடையவை; மூடித் திறந்தால் அடங்கும். நினைவகத்தைச் ‘சுத்திகரிப்பதாக’ விளம்பரமாகும் நிரல்களை நம்பவேண்டா. அவையும் மேடையில் இடம் கேட்பவையே!

வட்டில் ஒதுக்கிய அந்த மூலையின் அளவை எவரேனும் குறுக்கியிருந்தால், அதை விண்டோஸின் பொறுப்பிலேயே மீண்டும் விட்டுவிடுங்கள். அதன்பின்னும் எச்சரிக்கை தொடருமாயின், கூடுதல் ராம் பொருத்துவதே உபாயம்.