நெல்லுக்கு வந்த ரேடியோ பெயர்

வானொலியின் பெயரால் ஒரு நெல் வழங்கியதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

1960-களின் நடுவில், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 'ஆடுதுறை 27' என்னும் குறுகிய கால நெல்லை வெளியிட்டது. சுமார் 105 நாளில் விளையும் இந்நெல் குறுவைப் பருவத்துக்கு ஏற்றது. ஆனால் புதிய விதையை எந்த விவசாயி எளிதில் நம்புவார்? பொய்த்துவிட்டால் ஒரு போக உழைப்பே வீணாகுமே! வேளாண்மை அலுவலர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். திருச்சி வானொலியும் பண்ணை இல்ல ஒலிபரப்பில் சாகுபடி முறைகளை எளிய தமிழில் விளக்கியது. தஞ்சை மாவட்டத்தில் அந்நெல் விரைந்து பரவியது. மக்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள்!

இதில் இயற்பியலுக்கும் பங்கு உண்டு. மத்திய அலைகள் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ளவை; நிலப்பரப்பை ஒட்டியே நெடுந்தூரம் செல்பவை. 1947-ல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டரோ, மின்சாரம் எட்டாத குடிசையிலும் வானொலியைப் பேச வைத்தது.

வானொலியின் குமிழைத் திருகும்போது என்ன நடக்கிறது? பல நிலையங்களின் அலைகள் ஒரே நேரத்தில் வந்து சேருகின்றன. கம்பிச் சுருளும் மின்தேக்கியும் கொண்ட சுற்று, தன் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தும் அலைக்கு மட்டும் வலுவாக இசைகிறது. ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளினால் அது உயர எழும்புகிறதல்லவா? அதைப் போன்றதே இந்த ஒத்ததிர்வு.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சுற்று அதிர்வெண்ணைத்தான் பிரித்தறியும். உண்மையையும் பொய்யையும் பிரித்தறியாது. அலைக்கு இரண்டும் ஒன்றே. இன்று கைப்பேசியில் வரும் செய்திக்கும் இது பொருந்தும்.

ரேடியோ நெல்லின் கதையில், 105 நாளில் வயலே விடை சொல்லிவிட்டது. அந்த விடையும் முழுமையானதன்று. புதிய நெல் இரகங்கள் பரவப் பரவ விளைச்சல் பெருகியது. இரசாயன உரத்தின் தேவையும் கூடியது. பல பழைய இரகங்கள் வயலை விட்டே மறைந்தன. ஒரு செய்தி எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்!

நாள்தோறும் வரும் செய்திகளைச் சோதித்துக் காட்ட வயல் இல்லை. ஆகவே சோதிக்கும் சுற்றை நமக்குள்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். சொல்பவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? நம்பினால் யாருக்கு இலாபம்? யாருக்கு இழப்பு? இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அச்செய்தியை அடுத்தவருக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யுங்கள்.